அரைச் சவரமும் விசர்க் குளிசையும்

சலூன் வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கு முதலில் ஒன்று: ஒரு கன்னம் வழித்து, மறு கன்னம் நுரையோடு இருக்கும்போது சிரிப்புக்கென்று பகிடி விடக்கூடாது. கொடிகாமம் சந்தைக்கு எதிரே இருபத்திரண்டு வருடமாகக் கத்தி பிடிக்கும் நானே ஒருமுறை அப்படி விட்டேன்.

அதற்கு முந்தைய மாதம் வலது தோளில் அக்கி போட்டது. கொப்புளம் காய்ந்தது, எரிவு போகவில்லை. சட்டை பட்டாலே நெருப்பு. கத்தி பிடித்த கை திடீரென்று உதறும். கை உதறினால் தொழில் முடிந்தது. கிளினிக்கில் டொக்டர் அம்மா சின்னக் குளிசை ஒன்று எழுதினார். படுக்கும்போது போட வேண்டும். காலையில் தூக்கக் கலக்கம் இருந்தால் கத்தியைத் தொடக்கூடாது.

அதன் பெயரைப் போனில் தட்டினேன். 'மனச்சோர்வுக்கான மருந்து' என்று வந்தது. வேர்த்துவிட்டது. எனக்குப் பைத்தியமென்று என் பகிடிகளைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டாரோ? சலூன் கண்ணாடிகளில் முன்னும் பின்னும் பார்த்தேன். விசர் எந்தப் பக்கமும் தெரியவில்லை.

பயத்தை வயிற்றுக்குள் வைத்திருக்க எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள், தேங்காய் வியாபாரி இராசையா அண்ணையின் தாடையில் கத்தியை வைத்தபடி சொன்னேன்: "அண்ணை, நான் இப்ப விசர்க் குளிசையெல்லே போடுறன்!"

"டேய், முதல்லை கத்தியை எடு!"

போர்த்திய துணியோடு, ஒரு கன்னத்து நுரையோடு சந்தைக்குள் ஓடினார். இதைவிட விளம்பரம் வேண்டுமா? அன்றிலிருந்து கதிரை காலி. நானும் பயந்து குளிசையை நிறுத்தினேன்.

"ஆரைக் கேட்டு நிப்பாட்டினனீங்கள்?" என்றார் டொக்டர் அம்மா, அடுத்த முறை கிளினிக்குக்குப் போனபோது.

"விசர்க் குளிசையெண்டு சனம்..."

"மனச்சோர்வுக்கும் குடுக்கிறது, நரம்பு நோவுக்கும் குடுக்கிறது. அக்கி போனாலும் உங்கடை நரம்பு சும்மா கத்திக்கொண்டிருக்கு. இது அதின்ரை சத்தத்தைக் குறைக்கும். சில கிழமை பொறுங்கோ. மனச்சோர்வுக்குப் போட்டாலும்தான் என்ன வெட்கம்?"

அந்தக் கடைசிக் கேள்வி சுட்டது. திரும்பப் போடத் தொடங்கினேன். முடிந்த குளிசை மட்டையைக் கண்ணாடியின் நடுவில் ஒட்டி, 'இது என்னுடையது' என்று எழுதினேன்.

"கழட்டுங்கோப்பா, சனம் சிரிக்கும்," என்றாள் மனைவி.

"சிரிக்கட்டும். சிரிச்சுக்கொண்டு வந்து கதிரையிலை இருக்கட்டும்."

ஒரு மாதத்தில் எரிவு தணிந்தது, கை உதறலும் நின்றது. ஒரு மத்தியானம் இராசையா அண்ணை தலையைக் குனிந்துகொண்டு வந்தார். மட்டையைப் பார்த்தார்.

"உள்ளங்கால் ரெண்டும் எரியுதடா. சீனி வருத்தமாம். உதிலை ஒண்டு தாவன்."

"தரமாட்டன். டொக்டர் அம்மாட்டைப் போங்கோ. அவ விசர்க் குளிசை தந்தா ஓடாதேங்கோ!"

"மெல்லக் கதையடா! உனக்கென்ன விசரே?"

"இல்லை அண்ணை, நரம்பு!" என்றேன், சந்தைக்கே கேட்க.

அவர் கதிரையில் சாய்ந்து கழுத்தை நீட்டினார். இரண்டு கன்னத்தையும் வழித்து முடித்த பிறகுதான் அடுத்த பகிடியைத் தொடங்கினேன். மட்டை இன்னும் கண்ணாடியில்தான் இருக்கிறது.