வற்றத்தில் காட்டிய நிலம்

கோலா சிலாங்கூரில் சன்னாசியைத் தெரியாதவர் ஒருவர் இருந்தால், அவர் மாடும் வாங்காதவர், நிலமும் வாங்காதவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆள் ஆறடி. மீசை கன்னம் வரை ஓடும். குரலெடுத்தால் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். ஆனால் மனுஷன் பயந்தாங்கொள்ளி. எதிரே போலீஸ்காரர் வந்தால் போதும், செய்யாத குற்றத்துக்கும் சேர்த்து ஓரமாக ஒதுங்கி நிற்பார். நான் அவருக்குப் பக்கத்து வீடு. "இவருக்கு மீசையைக் குடுத்த சாமி நெஞ்சைக் குடுக்க மறந்துடுச்சி" என்று அவர் மனைவி வேலம்மா என்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ஆதியில் அவர் மாட்டுத் தரகர். சுற்றியிருந்த தோட்டங்களில் ரப்பர் ஷீட்டும் அரிசி மூட்டையும் ஏற்றிப்போன வண்டி மாடுகளில் பாதி அவர் கைபட்டு விற்றவைதான். அந்தத் தொழிலுக்கென்று ஒரு நடைமுறை உண்டு. விற்கிற மாட்டை வயிறு நிறையத் தீனி போட்டு, தண்ணீர் காட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, மேட்டில் நிறுத்தித்தான் காட்டுவார்கள். வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும், நடக்க விட்டுப் பார்க்க வேண்டும், சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டும். கேட்காத குறையைத் தரகன் தானாகச் சொல்லமாட்டான். சொன்னால் விற்கிறவன் உதைப்பான், மற்ற தரகர்கள் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இதில் தப்பு இருப்பதாகச் சன்னாசி ஒருநாளும் நினைத்ததில்லை. அவருடைய அப்பா செய்த தொழில், அதை அப்படியே செய்தார்.

பிறகு தோட்டத்துக்குத் தோட்டம் லோரி வந்தது. மாட்டை யார் சீண்டுவார்கள்? அதே சமயம், 1925-ஆம் வருஷம், ரப்பர் விலை கிடுகிடுவென்று ஏறியது. பால் மரம் வெட்டுகிற ரப்பர்த் தோட்டக் கூலி முதல் பலகாரக் கடைக்காரன் வரை ஒவ்வொருவனுக்கும் நிலப் பைத்தியம் பிடித்தது. சன்னாசி மாடு ஓட்டும் தார்க்குச்சியைக் கீழே வைத்துவிட்டு நிலத் தரகர் ஆனார். ஆள்தான் தொழிலை மாற்றினாரே தவிர, தொழில் ஆளை மாற்றவில்லை. நிலத்தையும் மாட்டைப் போலவேதான் காட்டினார். வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து, புல்லைச் செதுக்கி வைத்து, நல்ல பக்கமாக அழைத்துப் போவார்.

அப்படி அவர் விற்ற ஒரு துண்டு நிலம், கம்போங் குவாந்தானுக்குக் கீழே ஆற்றோரமாக இருந்தது. வாங்கியவர்கள் நாராயணசாமி, நவமணி என்ற இளம் தம்பதி. கோலா குபு பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கூலி லயத்து வீட்டிலிருந்து வந்தவர்கள். அங்கே மழைக்காலம் வந்தால் ஆறு பொங்கி வீட்டுக்குள் சேறு வரும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் இந்தப் பக்கம் நிலம் தேடினார்கள். மண் எப்படி, பாம்பு உண்டா, பக்கத்தில் யார், வண்டிப் பாதை இருக்கிறதா என்று என்னென்னவோ கேட்டார்கள். கடலைப் பற்றிக் கேட்கவில்லை. மேட்டு நாட்டு மனிதர்கள், மழை பெய்தால்தான் ஆற்றில் தண்ணீர் ஏறும் என்று நினைத்தவர்கள். ஒரு சொட்டு மழை இல்லாத நாளில், கடல் ஏற்றத்துக்கு ஆறு பின்னோக்கி ஓடிவரும் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

சன்னாசி சொல்லியிருக்கலாம். விற்றுவிட்டுப் பினாங்கு போன பழைய சொந்தக்காரன் அவரிடம் தெளிவாகவே சொல்லியிருந்தான். வருஷக் கடைசி அமாவாசை ஏற்றத்துக்கு மண்கரை தாங்காது, உப்புத்தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்று. சன்னாசி அதைக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டு, தண்ணீர் நன்றாக வற்றிக் கிடந்த ஒரு மதியமாகப் பார்த்து நிலத்தைக் காட்டினார். கரை அன்றைக்கு ஆள் உயரம் நின்றது. நவமணி மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்து, "நல்லாருக்குண்ணே" என்றாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் நில அலுவலகத்தின் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். அங்கே எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்த யாழ்ப்பாணத்துத் துரைசிங்கம் கூடியிருந்த எங்களுக்கு அதைத் தமிழில் வாசித்தார். இனிமேல் நிலத் தரகு செய்ய உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவன் பித்தளை வில்லை அணிய வேண்டும். வில்லை கேட்பவனை நில அலுவலகத்து வெள்ளைக்காரத் துரை எல்லார் முன்னாலும் விசாரிப்பார். அவன்மேல் குறை உள்ளவர்கள் அங்கே வந்து சொல்லலாம். நிலத்தில் தனக்குத் தெரிந்த குறையை மறைத்து விற்றவனுக்கு வில்லை கிடையாது, வழக்கும் உண்டு.

"ஐயா, அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ படிங்க" என்றார் சன்னாசி.

துரைசிங்கம் படித்தார்.

"வாங்குறவன் கேக்கலைன்னா?"

"கேட்டாலும் சொல்ல வேணும், கேளாட்டிலும் சொல்ல வேணும். விளங்கிச்சோ?"

சன்னாசிக்கு நன்றாகவே விளங்கியது. முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போனவர் சோற்றைப் பிசைந்தாரே தவிர ஒரு வாய் உள்ளே போகவில்லை.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். சன்னாசிக்கு வழியில் மட்டுமா பயம்? வாசலில் சைக்கிள் மணி கேட்டால் பயம். யாராவது சிரித்துப் பேசினால் அதைவிடப் பயம். சிறையில் போடுவார்களா, கப்பலேற்றி ஊருக்கு அனுப்புவார்களா என்று என்னை வந்து வந்து கேட்டார். ஊரில் அவருக்கு யாரும் இல்லை. ஐந்து வயதில் இந்த மண்ணுக்கு வந்தவர், எந்த ஊர் என்றுகூடச் சரியாகத் தெரியாது. எனக்கு எரிச்சலாக வந்தது. "எனக்கென்ன தெரியும், போய் அந்தப் பொண்ணுகிட்ட உண்மையச் சொல்லுங்க" என்றேன். வேலம்மாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சொன்னா என் கழுத்துக்கு நானே கயிறு போட்ட மாதிரி இல்லியா? தெரிஞ்சே வித்தேன்னு ஆயிடுமே!" என்றார்.

அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. விசாரணை அந்த வருஷக் கடைசி அமாவாசைக்கு முன்னால் வருகிறது. வில்லை கையில் வந்த மறுநாளே ஆற்றோரம் போய், யாரோ சொல்லக் கேள்விப்பட்டதுபோலச் சொல்லி அவர்களை வெளியே கூட்டி வந்துவிடலாம். பயந்தவன் போடுகிற கணக்கு எப்போதும் இப்படித்தான், காகிதத்தில் சரியாக இருக்கும். விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது துரைக்கு மலேரியா கண்டது. விசாரணை அடுத்த வாரம் என்று துரைசிங்கம் சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் என்றால் அமாவாசை போன பிறகு.

அமாவாசையன்று மத்தியானம் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். சன்னாசி தூணைப் பிடித்துக்கொண்டு ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நாராயணசாமி அசாம் ஜாவாவில் கூலிக்குப் போய்விட்டான், நவமணியும் இரண்டு பிள்ளைகளும்தான் குடிசையில் இருக்கிறார்கள் என்று வேலம்மா எங்கேயோ கேட்டு வந்து சொன்னாள். சின்னது பெண் குழந்தை, கைப்பிள்ளை. பெரியவன் இப்போதுதான் ஓடப் பழகியிருந்தான்.

"வில்லை போனா மம்பட்டி புடிச்சிப் பொழைச்சிக்கலாம். அந்தப் புள்ளைங்க போனா என்னய்யா பண்ணுவ?" என்றாள் வேலம்மா. அவள் கத்தவில்லை. அதனால்தானோ என்னவோ, சன்னாசி எழுந்து வண்டியைப் பூட்டினார்.

அங்கே நடந்ததை நவமணி பிறகு என்னிடம் சொன்னாள். சன்னாசி வந்து இறங்கியபோது வானம் பளிச்சென்று இருந்தது. அவள் ஓடி வந்து, "வாங்கண்ணே, ஒங்க கையால வாங்குன எடம், பாருங்க எப்படி வந்திருக்குன்னு" என்று ரப்பர் கன்றுகளைக் காட்டினாள். கோப்பி போட்டுக் கொடுத்தாள். சன்னாசி கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கரையைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். வேலம்மா பார்க்கணும் என்கிறாள், இன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிப் போயேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். வேலை கிடக்கிறது, அப்புறம் வருகிறேன் என்று அவள் சிரித்தாள்.

அப்போது கரையின் அடியில் ஓர் இடத்தில் மண் கறுத்தது. அங்கிருந்து தண்ணீர் கயிறு போல உள்ளே வந்தது.

"என்னண்ணே இது, மழையே இல்ல, தண்ணி எங்கருந்து வருது?"

சன்னாசியின் கையிலிருந்த கிண்ணம் விழுந்தது. "புள்ளையத் தூக்கு! எதையும் எடுக்காத! ஏறு வண்டியில!" என்று அலறினார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கரை பத்தடி அகலத்துக்குப் படுத்துவிட்டது. பழுப்புத் தண்ணீர் சத்தமே இல்லாமல், அவசரமே இல்லாமல் முழங்காலுக்கு வந்தது. நவமணி கைப்பிள்ளையோடு வண்டியில் ஏறினாள். பெரியவன் கோழிக் கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றான், சன்னாசி அவனைப் பிய்த்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். மாடுகள் மிரண்டு நகர மறுத்தன. அந்தத் தண்ணீரில் முதலை வரும் என்று அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இறங்கி மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இடுப்பளவு தண்ணீரில் முன்னால் நடந்தார். முருகா முருகா என்று சத்தமாக அழுதுகொண்டே நடந்தாராம். மேட்டுச் சாலைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது குடிசையின் கூரை மட்டும் தெரிந்தது.

அன்றிலிருந்து நவமணி குடும்பம் சன்னாசி வீட்டில் இருந்தது. உப்பு ஏறிய மண்ணில் கன்று ஒன்றும் தேறாது. நாராயணசாமி வந்ததும் சன்னாசியின் காலில் விழுந்தான். "நீங்க மட்டும் அன்னிக்கு வரலைன்னா" என்று ஆரம்பித்தவன் முடிக்காமல் அழுதான். சன்னாசி காலை இழுத்துக்கொண்டார். அதைவிடக் கொடுமையான வாரத்தை அவர் பார்த்ததில்லை. அவர்கள் ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டுவிட்டு அவரை வாழ்த்தினார்கள். பெரிய பையன் மாமா மாமா என்று அவர் மீசையைப் பிடித்துக்கொண்டு தூங்கினான். "இப்பவாச்சும் சொல்லித் தொலைங்க" என்று வேலம்மா அடுப்படியில் முணுமுணுப்பாள். "நாளைக்கு" என்பார். முன்பு அவர் பயந்தது சிறைக்கு. இப்போது, நவமணி தன்னை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் பயந்தார்.

விசாரணை நாள் வந்தது. நில அலுவலகத்தில் ஊரே கூடியிருந்தது. நானும் போயிருந்தேன், வேடிக்கை பார்க்கத்தான். துரையின் மேசையில் ஒரு பெட்டியில் வில்லைகள் பளபளத்தன. சன்னாசியைக் கூப்பிட்டபோது பையன் அவர் கையிலிருந்து இறங்கமாட்டேன் என்று கத்தினான். பிள்ளையோடேயே போய் நின்றார். இவர்மேல் குறை உள்ளவர்கள் உண்டா என்று துரைசிங்கம் சத்தமாகக் கேட்டார்.

நவமணி எழுந்தாள். சன்னாசியின் முதுகு நனைந்திருந்ததை நான் பார்த்தேன்.

"கொறை இல்லைங்க. இவரு எங்க குடும்பத்துக்கே சாமி மாதிரி. அன்னிக்கி வண்டி கட்டிக்கிட்டு வந்து, ஒரு சொட்டு மழை இல்ல, தண்ணி வர்றதுக்கு முன்னாலயே எங்களைக் கெளம்பு கெளம்புன்னாரு. நாந்தான் கேக்கல. இவருக்குக் குடுக்காம வேற யாருக்குங்க குடுப்பீங்க?"

துரைசிங்கம் அதை இங்கிலீஷில் சொன்னார். துரை தலையாட்டிக் கேட்டுக்கொண்டே வந்து, திடீரென்று பேனாவைக் கீழே வைத்தார். ஒரு கேள்வி கேட்டார். துரைசிங்கம் சன்னாசியை ஒரு முறை பார்த்துவிட்டு அதைத் தமிழில் சொன்னார்.

"மழை இல்லாத நாளிலை தண்ணி வருமெண்டு இவருக்கு எப்படி முன்னமே தெரியுமெண்டு துரை கேக்கிறார்."

நவமணி மெல்லத் திரும்பிச் சன்னாசியைப் பார்த்தாள். அன்றைக்கு அவர் குடிக்காமல் கையில் வைத்திருந்த கோப்பியும், வீட்டுக்கு வா வா என்று அவர் கெஞ்சியதும் அவள் மனசில் ஒவ்வொன்றாக ஓடியிருக்க வேண்டும்.

"அண்ணே, ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

எதற்கும் பயப்படும் அந்த மனிதர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மலாய்க்காரர் ஒருவர் காலையில் சொன்னார் என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்? நானே உள்ளுக்குள் அவருக்காக அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தேன், சொல்லுங்களேன், சொல்லித் தொலையுங்களேன் என்று.

"தெரியும் தாயி" என்றார் சன்னாசி. "ஒனக்கு வித்த அன்னிக்கே தெரியும்."

துரை பெட்டியை மூடச் சொன்னார். வழக்கைப் பற்றி ஏதோ எழுதவும் செய்தார். சன்னாசி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நவமணி அவர் அருகே வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன், அவரும் அப்படி நினைத்துத்தான் தலையைக் குனிந்துகொடுத்தார். அவள் அடிக்கவில்லை. மீசையைப் பிடித்திருந்த பையனின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, பிள்ளையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே போனாள். பிள்ளை அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, சாலை முனை வரைக்கும் மாமா மாமா என்று அழுதுகொண்டே போனான்.