ஙாப்பிக்காரியைக் கொன்றவள்

ரோஸ்லின் அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு முதலில் வருவது ஆத்திரம்தான். அவள் மேல் இல்லை. அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, அவள் கையாலேயே அந்தக் காரியத்தைச் செய்ய வைத்தார்களே, அவர்கள் மேல். நான் சுனிதா. யாங்கோனில் தாகேதா பக்கம் வீடு. மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு சானலில் வரும் சீரியலுக்கு வசனம் எழுதுகிறேன். அக்காதான் தலைமை எழுத்தாளர். கதை எந்தப் பக்கம் திரும்பும், யார் யாரைக் கட்டுவார்கள், யார் சாவார்கள் எல்லாம் அவள் தீர்ப்பு. எழுதுவது பர்மிய மொழியில். சண்டை மட்டும் தமிழில் போடுவோம், பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரியக் கூடாது என்று.

அக்கா தின்கன்ஜூன்காரி. அப்பா அகஸ்டின் கப்பல் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயில், வீட்டில் சத்தமே வராத ஜெபம். அந்த வீட்டில் இவள் ஒருத்திக்குத்தான் தெருவுக்கே கேட்கும் தொண்டை. முதலில் வெளிநாட்டு சீரியல்களுக்குப் பர்மிய வசனம் எழுதிக்கொடுத்தாள். அதைப் பார்த்துப் பார்த்து, "இந்தக் குப்பையை நானே இதைவிட நல்லா எழுதுவேன்" என்று கத்தியதில் வேலையும் கிடைத்தது. ஐம்பது வயதாகிறது. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது வாயைக் கிளறினால், "மாசத்துக்கு ரெண்டு கல்யாணம் பண்ணி வைக்கிறேன், எனக்கு வேற ஒண்ணு வேணுமாக்கும்?" என்பாள்.

இப்போது இந்த ஊரில் சீரியல் எழுதுகிறவர்களுக்கு மாமியாரும் வில்லியும் பெரிய பிரச்சினை இல்லை. மீதான் பிரச்சினை. தமிழ் பேசும்போதும் நாங்கள் மின்சாரத்தை மீ என்றுதான் சொல்வோம். ஊரைப் பாதி பாதியாகப் பிரித்து, இன்று மத்தியானம் உங்களுக்கு, நாளை மத்தியானம் அவர்களுக்கு என்று விடுகிறார்கள். தாகேதாவில் மீ இருந்தால் தின்கன்ஜூனில் இருக்காது. அதனால் எங்கள் சீரியலை முக்கால்வாசிப் பேர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் பார்க்கிறார்கள். இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் வைத்திருக்கும் மாடிவீட்டுக்காரர்கள் மட்டும் தினமும் பார்ப்பார்கள்.

ஒரு தடவை அக்கா என் வீட்டுக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். முன் சீட்டில் ஒருத்தி, "நேத்து எங்களுக்கு மீ இல்லே, கதை என்ன ஆச்சு?" என்று சும்மா கேட்டுவைத்தாள். அவ்வளவுதான். பஸ்ஸே சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஆளுக்கொரு மாதிரி. கண்டக்டர் வேறு நடுவில் புகுந்து, அந்த மருமகள் மேல்தான் தப்பு என்று தீர்ப்பு கொடுத்தான். அக்கா சிரித்துச் சிரித்து இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டாள். மறுநாள் ஆபீஸில் வந்து நின்று, "எனக்கு ஒரு ஙாப்பிக்காரி வேணும்" என்றாள்.

அப்படி வந்தவள்தான் டோ பூ. கூடையில் ஙாப்பி, அதாவது மீனைப் புளிக்க வைத்து அரைத்த விழுது, விற்றுக்கொண்டு சீரியலில் கதை நடக்கும் சந்துக்குள் வருவாள். ஒவ்வொரு நாளும் கதை அவள் வாயில்தான் தொடங்கும். கூடையை இறக்கிவைத்து, யார் வீட்டில் நேற்று என்ன நடந்தது என்று வாங்க வந்தவளிடம் சொல்வாள். சொல்வதோடு நிற்க மாட்டாள், திட்டுவாள். "அவனும் ஒரு ஆம்பளையா, தூ!" என்று துப்புவாள். நேற்று பார்க்காதவர்களுக்குக் கதை புரிந்துவிடும். பார்த்தவர்கள் அவள் யாரைத் திட்டப்போகிறாள் என்று காத்திருப்பார்கள். எங்கள் தாகேதா பெண்களுக்கு கதாநாயகி பெயர் மறந்தாலும் டோ பூ பெயர் மறக்காது.

இதே இரண்டு மணிக்கு இன்னொரு சானலில் சிவநாதன் எழுதும் சீரியல். அவனும் நம்ம ஆள்தான், எங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் டீயைக் குடித்துவிட்டு அங்கே போனவன். அவனுக்குக் கதையில் வழி தெரியவில்லை என்றால் ஒரு லாரி வரும். யாராவது ஒருவன் அடிபடுவான். எழுந்தால் ஞாபகம் இருக்காது. அவன் சீரியல்தான் ரேட்டிங்கில் எங்களை முந்திக்கொண்டிருந்தது.

அந்த ரேட்டிங் எடுக்கும் லட்சணத்தைக் கேளுங்கள். மத்தியானம் வீடு வீடாக போன் பண்ணி, "இப்போ என்ன பாக்குறீங்க?" என்று கேட்பார்கள். மீ இல்லாத வீட்டுக்காரி, "என்னத்தைப் பாக்க, சுவத்தையா?" என்பாள். அவளை 'பார்க்கவில்லை' என்று எழுதிக்கொள்வார்கள். பாதி ஊரைக் குருடாக்கிவிட்டு, உனக்கு ஏன் கண் தெரியவில்லை என்று கேட்கிற கதைதான் இது. எங்கள் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஜேசுராஜுக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டுதான் அன்று மீட்டிங்கில் அதைச் சொன்னான்.

"ரோஸ், அந்தக் கிழவியை முடிச்சிடு."

"எந்தக் கிழவியை?"

"தெரியாத மாதிரி கேக்காதே. டோ பூவைத்தான். தினமும் பாக்குறவனுக்கு நேத்துப் பாத்ததையே திருப்பித் திருப்பிச் சொல்றா. அவன் சிவநாதன்கிட்ட போயிடறான். ஒரு சாவு வெச்சா அந்த வாரம் நாம மேல வருவோம். அவ இல்லேன்னா கதையும் ஓடும்."

"பாதி ஊருக்கு மீ இல்லே, ஜேசு. அவ வாயாலதான் அவங்களுக்குக் கதையே போகுது."

"மீ இல்லாதவன் நம்ம விளம்பரத்தைப் பாத்து என்னத்தை வாங்கப்போறான்?"

அக்காவின் தொண்டை திறந்துகொண்டது. "வாயைக் கழுவுடா! உங்கம்மா வீட்டுல இன்வெர்ட்டர் வெச்சுட்டியா மொதல்ல? அந்த மனுஷி இருட்டுல உக்காந்துகிட்டு, மகன் சானல்ல என்ன ஓடுதுன்னு எனக்குப் போன் பண்ணிக் கேக்குறா!"

தமிழ் தெரியாதவர்கள் எல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜேசுராஜ் முகம் கறுத்துப்போனது. ஆனால் அசரவில்லை. "நீ எழுதலேன்னா சிவநாதன் வந்து எழுதுவான். பேசியாச்சு. உன் நாற்காலியும் அவனுக்குத்தான்" என்றான். ஒரே கோயிலில் பக்கத்துப் பெஞ்சில் முழங்கால் போடுகிறவன் சொன்ன வார்த்தை இது.

நான் அக்காவிடம் சொன்னேன், "வா, ரெண்டு பேரும் வெளியே போயிடலாம். எழுதித் தொலைக்கட்டும் அவன்."

"போனா என்ன ஆகும்? அவ மேல லாரியை ஏத்துவாண்டி. நடுரோட்டுல அலங்கோலமாக் கிடத்துவான். கூடை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்னு காட்டுவான். என் பிள்ளையை அவன் கையில குடுக்க மாட்டேன். நானே படுக்க வைக்கிறேன்" என்றாள்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். சாவு வரும் நாளில் ஊரில் பாதிப் பேருக்கு மீ இருக்காது. அதனால் அந்தக் காட்சியை மறுநாள் புதுக் கதைக்கு முன்னால் இன்னொரு தடவை போட வேண்டும். ஜேசுராஜ் எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டான். அக்கா அந்தக் காட்சியை எங்கள் யாரையும் தொடவிடாமல் வசனம் உள்பட அவளே எழுதினாள். எழுதின இரண்டு நாளும் எங்கள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள். டீ ஆறிவிட்டது என்று என்னைத் திட்டினாள். பேனா எழுதவில்லை என்று கடைக்காரனுக்குப் போன் பண்ணித் திட்டினாள்.

சாவு ஒளிபரப்பான செவ்வாய்க்கிழமை எங்கள் தாகேதாவில் மீ இல்லை. புதன்கிழமை உண்டு. அதனால் புதன் மத்தியானம் அக்கா என்னோடு கிளம்பி வந்தாள். "பாக்குறவங்க பக்கத்துல இருக்கணும். திட்டுனா நேர்ல வாங்கிக்கணும்" என்றாள். எங்கள் தெருவில் ஆவுடையம்மாள் வெற்றிலைக்கடை வைத்திருக்கிறாள். என் வயதுதான் இருக்கும், வாய் மட்டும் என்னைப்போல் நாலு மடங்கு. கடைக்குள் டிவி. இரண்டு மணிக்குத் தெருப் பெண்கள் எல்லாம் அங்கேதான். அக்காவை என் கூட வேலை செய்கிறவள் என்று மட்டும் சொல்லி உட்கார வைத்தேன்.

மீ வந்ததும் தெருவே "மீலாப்பி!" என்று கூவியது. சீரியல் தொடங்கியது. பழைய காட்சி வரவில்லை. ஒரு சோப்பு விளம்பரம் வந்தது, அப்புறம் இன்னொரு சோப்பு விளம்பரம். அப்புறம் நேராகப் புதுக் கதை: சந்தில் இரண்டு பேர் கார் வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் போனை எடுத்து ஜேசுராஜுக்குப் போட்டாள். அவன் எடுக்கவில்லை. பாவி, அந்த நேரத்தையும் விற்றுவிட்டிருக்கிறான்!

"எங்க இவளைக் காணோம்?" என்றாள் ஒருத்தி.

"வருவா, வருவா. மழையாச்சே, கூடையைத் தூக்கிட்டு வரணுமே" என்றாள் ஆவுடையம்மாள்.

எல்லோரும் காத்திருந்தார்கள். திரையில் யாரோ கார் சாவியைச் சுழற்றினான். எதற்கு என்று ஒருவருக்கும் புரியவில்லை. "நேத்து என்ன ஆச்சு, யாருக்காவது தெரியுமா?" என்று ஆவுடையம்மாள் சுற்றிக் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. சொல்ல வேண்டியவள்தான் இல்லையே.

"டோ பூ செத்துட்டா" என்றாள் அக்கா.

"யாரு சொன்னா?"

"நேத்துக் காட்டுனாங்க."

"எங்களுக்குக் காட்டலையே! எங்களுக்குத் தெரியாமலா? எந்தப் படுபாவி இப்படி எழுதினா? அவ கையில..."

"நான்தான். நான்தான் எழுதுனேன்."

பர்மியப் பெண்களுக்கு ஒருத்தி மொழிபெயர்த்துச் சொன்னாள். அவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் எழுந்து, ஜேசுராஜ் செய்ததை, நாற்காலி விஷயத்தை எல்லாம் கத்தி முடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

ஆவுடையம்மாள் எட்டி டிவியை அணைத்தாள். ராத்திரியெல்லாம் காத்திருந்து வந்த மீ. மேலே விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படியும் அணைத்தாள். பிறகு அக்காவின் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு."

அக்கா பர்மிய மொழியிலேயே சொன்னாள், எல்லோருக்கும் புரியட்டும் என்று. டோ பூ மழையில் வந்தாள், மூன்றாவது வீட்டுப் படியில் கூடையை இறக்கினாள், அந்த வீட்டு மருமகள் தட்டோடு வந்தாள். டோ பூ நேற்று நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் இரு, மூச்சு வாங்கிக்கிறேன் என்று படியில் சாய்ந்தாள்.

"உம். அப்புறம்?"

"அப்புறம் அந்த மருமக..." என்றாள் அக்கா. ஊருக்கே கேட்கும் அந்தத் தொண்டையிலிருந்து அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"சொல்லு" என்றாள் ஆவுடையம்மாள். "நீ எழுதினதுதானே."