நடுநிலையாளனின் பின்னூட்டம்

மாடசாமிக்குப் பொறாமை என்ற குணமே கிடையாது. அதை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பணியாளர் துறை அதிகாரி. தொழிற்சாலையின் காலாண்டு இதழுக்கு ஆசிரியரும் அவரே. ஆயுத பூஜைக் கவிதை முதல் பாதுகாப்பு வாரத் தலையங்கம் வரை அவர் கைதான். ஆகவே 2007இல் அதிகாரிகள் சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் வலைப்பதிவுப் பயிற்சி தொடங்கியபோது, தன்னைக் கௌரவிக்கத்தான் அழைக்கிறார்கள் என்று நம்பிப் போனார்.

பயிற்சி தந்தவர் பெங்களூரிலிருந்து வந்த சுப்ரியா. ஆளுக்கொரு வலைப்பதிவு தொடங்க வேண்டும். முடிவில், நன்றாக எழுதுபவரிடம் சங்கத்தின் புதிய இணையதளம் ஒப்படைக்கப்படும் என்றார். மாடசாமி அன்றே அதற்கு முதல் தலையங்கத்தை எழுதி வைத்துவிட்டார்.

குறுக்கே வந்தவன் மாதேஷ். உத்தனப்பள்ளிக்காரன், அதே தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு. இதழுக்கு அவன் கொடுத்த கட்டுரையை மாடசாமி ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தார். இப்போது அவன் ராயக்கோட்டை பஸ்ஸில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்று வருவதைப் பேசுகிற மாதிரியே எழுதினான். பின்னூட்டங்கள் குவிந்தன, துபாயில் ஒருவர் அழுதேவிட்டதாக எழுதியிருந்தார். மாடசாமியின் 'உழைப்பின் உன்னதம்' வலைப்பதிவுக்கு வந்த ஒரே பின்னூட்டம், 'சோதனை' என்று அவரே போட்டது.

"உங்க பதிவு படிச்சனுங்க சார். ரொம்பப் பெருசு" என்றான் மாதேஷ், டீ இடைவேளையில்.

"ஆழம்னு சொல்லும்வே."

"ஆழந்தானுங்க. நான் பாதியிலயே முங்கிட்டேன்."

வீட்டில் பொற்கொடிக்குச் சலித்துவிட்டது. "யாரு அந்த மாதேசு? சோத்துல கை வச்சா அவன் பேச்சுதான்."

"நல்ல பய. எழுதத்தான் வரல" என்றார் கணவர்.

அன்று மாலையே பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, 'நடுநிலையாளன்' என்ற பெயரில் மாதேஷுக்கு ஒரு பின்னூட்டம் போட்டார். 'தக்காளியைப் பார்த்தீர். கூடைக்காரியைப் பார்த்தீரா?' கோபத்தில் எழுதியதால் அலங்காரம் சேர்க்க நேரமில்லை. மாதேஷ் அவருக்கு நன்றி சொல்லி, அடுத்த பதிவைக் கூடைக்காரியைப் பற்றியே எழுதினான். துபாய் மறுபடி அழுதது. இவருக்குக் கோபம் ஏறியது. வாரம் தவறாமல் திட்டினார். வாரம் தவறாமல் அவன் தேறினான்.

"யாருங்க சார் இந்த ஆளு?" என்று மாதேஷ் ஒருநாள் வகுப்பிலேயே கேட்டான்.

"எவனோ வயித்தெரிச்சல் புடிச்ச பய. கண்டுக்காதேயும்" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார் மாடசாமி.

கடைசி வகுப்பில் சுப்ரியா அந்தப் பின்னூட்டங்களைத் திரையில் காட்டினார். "இங்க சிக்கனமா, கூர்மையா எழுதுறது இந்த நடுநிலையாளன்தான். நான் வகுப்புல சொன்னதையெல்லாம் எடுத்துக் காட்டுறார், அதனால இங்கதான் உக்காந்திருக்கார். யாருங்க அது? இணையதளம் அவருக்குத்தான்."

மாடசாமியின் கை மேசையை விட்டுச் சற்றே எழுந்தது. 'வயித்தெரிச்சல் புடிச்ச பய' என்று தானே சொன்னது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் மாதேஷ் இருந்தான். கை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துவிட்டுத் திரும்பியது.

பின்வரிசையில் இன்னொரு கை உயர்ந்தது. விற்பனைப் பிரிவு கௌதம். அதுவரை ஒரு வரிகூட எழுதாதவன். "நான்தான் மேடம். பசங்கள உற்சாகப்படுத்தலாமேன்னு..."

பெயர்க் கட்டத்தில் யாரும் எந்தப் பெயரையும் தட்டலாம் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நிரூபிக்க வழியில்லை. மாதேஷ் ஓடிப்போய், "அண்ணா, நீங்கதானா!" என்று கட்டிக்கொண்டான். எல்லாரும் கைதட்டினார்கள். மாடசாமியும் தட்டினார்.

நடுநிலையாளன் பட்டம் கிடைத்தபின் கௌதம் எழுதித்தானே ஆகவேண்டும்? மறுவாரம் 'உழைப்பின் உன்னத'த்தில் நடுநிலையாளன் வந்திருந்தார்: 'நீளம் அதிகம் ஐயா. மாதேஷைப் படியுங்கள்.' நீக்கலாம், வெளியிடலாம், உரிமை பதிவரிடம். மாடசாமி கொஞ்ச நேரம் யோசித்து, வெளியிட்டார். அச்செடுத்து வீட்டுக்கும் கொண்டுபோனார்.

பொற்கொடி படித்துப் பார்த்தாள். "யாரோ உங்கள ஏசிருக்கானே?"

"பொறாமைட்டீ" என்றார் மாடசாமி, நிறைவாக.