குறி சுடாத ஏழு மாடுகளுக்காக நான் செய்த செபம்

வத்தேகமக் கத்தோலிக்கக் கோயிலில் பல ஆண்டுகளாக மூப்பராக இருப்பவன் நான். கண்டியில் கல்லூரிப் படிப்பை முடித்தவன். பன்னிரண்டு கறவை மாடுகள் வைத்துப் பட்டணத்துக்குப் பால் அனுப்பினேன். அளவிலும் தரத்திலும் ஒருவரும் குறை சொன்னதில்லை. உதவி கேட்டு எவர் வாசலிலும் நின்றதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலம். மாடுகளுக்கு வெக்கை நோய் வந்தது. வாயெல்லாம் புண். தீனி எடுக்கவில்லை. நான்காம் நாள் அரசாங்க மாட்டு வைத்தியர் வந்து, நோய் கண்டவற்றையும் அவற்றோடு நின்றவற்றையும் துப்பாக்கியால் சுட்டுப் புதைக்கச் சொன்னார். ஒவ்வொன்றின் அடையாளத்தையும் எழுதிக்கொண்டார். பன்னிரண்டும் ஒரே குழியில் போயின. அவற்றை நம்பி என் குடும்பமும் பால் கறக்கும் சூசையின் குடும்பமும் இருந்தன.

மாடு இழந்தவர்களுக்கு அரசாங்கம் அவசர உதவிப்பணம் கொடுத்தது. ஆனால் மாட்டில் உடையவரின் குறி சுட்டிருக்க வேண்டும். என் மாடுகளில் ஐந்துக்கே குறி இருந்தது. மற்ற ஏழும் எங்கள் தொழுவத்தில் பிறந்தவை. வீட்டில் பிறக்கும் கன்றை அந்தோனியாருக்கு நேர்ந்து, சூடு போடாமல், இடது காது நுனியை மட்டும் நறுக்கி விடுவது எங்கள் குடும்ப வழக்கம். சட்டம் அறிந்திருந்தும் நான் அதை மாற்றவில்லை. பிழை என்னுடையதே.

ஊரான் மாட்டைக் காட்டி மூப்பர் பணம் கேட்கிறார் என்று சந்தையில் பேச்செழுந்தது. பெரிய வியாழனுக்கு முந்திய நாள் கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்தில் விசாரணை. அங்கே பொய்யன் என்று தீர்ந்தால் பணத்தோடு பெயரும் போகும்.

சூசை ஒரு யோசனை சொன்னான்.

"ஐயா, அலவத்துகொட காசிம் நானா வருஷா வருஷம் நம்மகிட்டதானே காளங்கன்னு வாங்குவாரு. காது வெட்டுன மாடு இன்னைக்கும் அவரு வண்டியில ஓடுது. ஒரு வார்த்தை கேட்டுப் பாப்போமுங்க."

"அந்த ஆளிடம் நான் போகமாட்டேன்" என்றேன்.

காரணம் உண்டு. முந்திய ஆண்டு ஒரு கன்று காணாமற்போக, சந்தையில் பலர் முன்னே காசிமைக் கள்ளன் என்றேன். மறுநாள் கன்று தானே திரும்பி வந்தது. நான் வாய் திறக்கவில்லை.

அந்தோனியாருக்கு ஒன்பது நாள் செபமான நவநாள் தொடங்கினேன். எவரிடமும் பணியாமல் இதிலிருந்து மீள வேண்டும் என்றே எட்டு நாளும் மன்றாடினேன். ஒன்பதாம் நாள், பிழை பொறுக்கக் கேட்கும் இடத்தில் செபம் நின்றுவிட்டது. மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் நா எழவில்லை. எழுந்து அலவத்துகொடவுக்குப் போனேன்.

காசிம் வாசலிலேயே நின்றார்.

"வாங்கோ மூப்பர். நீங்க தானே சந்தையில எனக்குக் கள்ளன்னு சென்ன. இப்ப கள்ளன்ட சாட்சி ஒங்களுக்கு ஒதவுமா?"

"நான் சொன்னது பொய். கன்று மறுநாளே கிடைத்தது. மன்னிக்க வேண்டும்."

அவர் உள்ளே போய்விட்டார்.

விசாரணைக்கு ஒருவித நம்பிக்கையுமின்றிப் போனேன். என் பெயர் கூப்பிடப்பட்டது. அந்த ஏழும் என்னுடையவை என்பதற்கு ஆதாரம் எங்கே என்று அதிகாரி கேட்டார். கைக்குள் செபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்போது வெளியே காசிமின் குரல் கேட்டது.

"தொரே, கொஞ்சம் வெளிய வந்து பாருங்கோ. மூப்பர்ட தொழுவத்துல நான் வாங்கின மாடு நாலு ஈக்கி. எல்லாத்துக்கும் ஒரே வெட்டுத்தான்."

அதிகாரி வெளியே வந்தார். நான்கு காளைகளின் காதுகளையும் பிடித்துப் பார்த்தார். மாட்டு வைத்தியர் எழுதிய அடையாளத்தோடு ஒப்பிட்டார். ஏழும் என்னுடையவை என்று அங்கேயே கையொப்பமிட்டார்.

உதவிப்பணம் கிடைத்தது. மூன்று கிடாரிகள் வாங்கினேன். அவை ஈன்றபின் சூசை மறுபடியும் பால் கறக்கிறான். அடுத்த சந்தை நாளில், பழி சொன்ன அதே இடத்தில் நின்று காசிமிடம் மன்னிப்புக் கேட்டேன். சர்வேசுரன் என் செபத்தைக் கேட்டார். நான் கேட்ட விதமாக அல்ல. சகோதரரே, உங்கள் செபம் எந்த வார்த்தையில் தடைப்படுகிறதோ, அங்கேயே நம்பி நில்லுங்கள்.

கச்சேரிக் கிளாக்கருக்கு இரண்டு போத்தல் நெய் கொடுத்துக் காரியம் முடித்தேன் என்று சிலர் சொல்கிறார்கள். அது பொய். ஒருவருக்கும் நெய் கொடுக்கப்படவில்லை.