வானத்தின் கன்னத்தில் ஒரு மைப்பொட்டு

விளக்கெண்ணெய்த் திரியின் புகைக்கு ஒரு கசந்த மணம் உண்டு. போன வாரம் அம்மா வெண்கலத் தட்டைக் கவிழ்த்து அதில் கரி படியவைத்து, கீழ்வீட்டுக் குழந்தைக்காக மை கூட்டியபோது அந்த மணம் காளிகாட்டில் நாங்கள் குடியிருக்கும் மாடி முழுக்கப் பரவியது. வீட்டுக்காரரின் ஐந்து வயதுப் பேத்தியான அவள் கன்னத்தில் அம்மா அதைத் தொட்டு வைத்ததும், நாங்கள் ‘ஜேட்டா’, அதாவது பெரியப்பா, என்று அழைக்கும் அவர் சிரித்தார்.

“இவள் அம்மாவும் ஒரு பொட்டு வைத்தாளே, தன் படத்திலேயே! தாளை அழுக்காக்காமல் வரையத் தெரியாது. இப்போது இவள் வண்ணப்பெட்டி கேட்கிறாள். மறுபடியும் நான் ஏமாறுவேனா?”

குழந்தையின் முகம் சுண்டிப்போயிற்று. இதை எழுதப் பேனாவைத் தேடி நான் மாடிக்கு ஓடியது அந்த நொடியில்தான். ஏனென்றால் அந்தப் பொட்டை வைத்தது இவள் அம்மா அல்ல, நான்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஜேட்டாவின் மகள், இந்தக் குழந்தையின் அம்மா, நீரா தீதிக்கு, அதாவது நீரா அக்காவுக்கு, பதினைந்து இருக்கும். என்னைக் கிழவி என்ற பொருளில் ‘புடி’ என்றுதான் கூப்பிடுவாள். மழை ஓய்ந்து பூஜைக்கு ஊர் தயாராகும் சரத் காலத்தில், பாலிகஞ்ச் ரயில் பாதையோரம் நாணல் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கும். அங்கே என்னையும் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வந்து அவள் வரைந்த படம் அது. தாளில் முக்கால் பங்கு வானம், கழுவி உலர்த்திய துணி போல வெளிறிய நீலம். அடியில் ஒரு விரல் அகலத்துக்கு நாணல்பூ, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து. ஓர் ஓரத்தில் குளத்தின் பாதிக் கரை. ஆள் இல்லை, படகு இல்லை, பறவைகூட இல்லை. பார்த்தால் வாயை மூடிக்கொள்ளத் தோன்றும்.

ஐப்பசி என்றால் அடைமழை என்று திருநெல்வேலியில் பழகிய அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. “ஏட்டி, இம்புட்டுத் தாளைச் சும்மா விட்டிருக்காளே, ஒரு கொக்கையாவது பறக்க விடப்படாதா?” என்றாள். நான் அப்படியே கேட்டேன். நீரா தீதி சிரித்தாள். “அந்தச் சும்மாதான் புடி, படம்.”

திங்கட்கிழமை அது ஓவியக் கண்காட்சிக்குப் போக வேண்டும். அங்கே ஏற்றுக்கொண்டால் வீட்டுக்கே ஓவிய ஆசிரியரை வரவழைப்பதாகவும், இல்லையென்றால் ரங்பூர் வரனுக்குச் சரி சொல்லிவிடுவதாகவும் ஜேட்டா கறாராகச் சொல்லியிருந்தார். ஞாயிறு முழுக்கத் தெருவே வந்து பார்த்து ‘கீ ஷுந்தர்’, எவ்வளவு அழகு, என்று வாய் பிளந்தது. “ஊர்க்கண்ணு அம்புட்டும் இதுமேலதான் விழுது” என்று அம்மா முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. தம்பியை வெளியே தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் கன்னத்தில் மை வைக்கிறோம். நாளைக்கு வெளியே போகிற படத்துக்கு யார் வைப்பார்கள்? மூலையில் வைத்தால் போதாது, கன்னத்தில்தான் வைக்க வேண்டும். படத்தின் கன்னம் அந்தப் பெரிய வானம் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது.

கூடத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வைத்துவிட்டேன், மிளகளவுதான். ஆனால் மையில் எண்ணெய் இருக்கிறதே! நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம் தாளில் ஊறிக் காசளவு அகன்றது.

நீரா தீதி வந்து நின்றாள். படத்தைப் பார்த்தாள், பிறகு என் விரலைப் பார்த்தாள். ஜேட்டாவின் செருப்புச் சத்தம் நெருங்கியபோது என் கையைப் பற்றித் தன் முந்தானைக்குள் இழுத்து, அழுத்தித் துடைத்தாள்.

“யார் செய்தது இது?” என்று ஜேட்டா கத்தினார்.

“என் கைதான் பட்டுவிட்டது, பாபா.”

“ஒரு தாளைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, உனக்கு ஆசிரியர் ஒரு கேடா?”

நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். படம் போகவில்லை, அடுத்த முகூர்த்தத்தில் அவள் கல்யாணமாகி ரங்பூர் போனாள். வருஷத்துக்கு ஒரு முறை பூஜைக்கு வருகிறாள், இந்த வருஷம் மகளோடு வந்திருக்கிறாள். அந்தப் பொட்டைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. எனக்கு இப்போது வயது பத்தொன்பது, கல்லூரியில் விவாதப் போட்டி என்றால் முதல் ஆளாக எழுந்து நிற்கிறேன். இந்த ஒரு வாக்கியம் மட்டும் பதினோரு வருஷமாகத் தொண்டையைத் தாண்டவில்லை.

நேற்று பாலிகஞ்சுக்குப் போய்ப் பார்த்தேன். நாணலும் இல்லை, குளமும் இல்லை. குளத்தை மண்போட்டு மூடி மூன்று வீடுகள் எழும்புகின்றன. சாரத்தின் உச்சியில், கண்ணேறு படாமலிருக்க, ஒரு பழந்துடைப்பத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். வெறும் வானமாக இருந்த இடத்தில் அது ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

வரும் ஞாயிறு காலை, ஜேட்டா பத்திரிகையைப் பிரிப்பதற்கு முன்பே, கீழே இறங்கப் போகிறேன். அந்தக் குழந்தையும் கூடத்தில் இருக்க வேண்டும். என் வலது கை ஆள்காட்டி விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, “அந்தப் பொட்டை வைத்த விரல் இதுதான், ஜேட்டா” என்று தொடங்கப் போகிறேன்.