வெறும் குழாய்க்கு ஊற்றிய தண்ணீர்

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ, சரியாக நினைவில்லை. தீபாவளி சீசன். சாத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நடந்தது இது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுவேன். வீட்டிலிருந்தபடி பட்டாசுக் கம்பெனிக்குக் காகிதக் குழாய் உருட்டுவது என் பிழைப்பு.

அந்த மண்டபத்தில் சிற்பக் கண்காட்சி வைத்தார்கள். அதற்காக, அகதி முகாமில் வளர்ந்து சிற்பம் படித்த இலங்கைப் பெண் ஒருத்தி என்னிடம் குழாய் கேட்டு வந்தாள்.

"எங்கட ஊர் வாவியில நிலாக் காலத்தில மீன் பாடும் அம்மா. அந்த மீனைத்தான் செய்யப் போறன்."

செய்தாள். மாதா கோயில் முக்காடு, நம் மாரியம்மன் கண், இடுப்புக்குக் கீழே மீன் வால். கால் இல்லாததால் சலங்கையை வாலில் கட்டினாள்.

"இது எந்தச் சாமி தாயி?"

"சாமி இல்லை அம்மா. எங்கட ஊரில எல்லாச் சனமும் கேட்ட பாட்டு" என்று சிரித்தாள்.

உடம்பு முழுக்க நான் உருட்டிய குழாய்கள். ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்திருந்தோம். காற்றடித்தால் ஊங்கென்று பாடும். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

கண்காட்சி அன்று காலை மண்டப மேனேஜர் கண்ணில் அந்தக் களிமண் பட்டது. எங்கள் பக்கத்தில் களிமண் அடைத்த குழாய் என்றால் உள்ளே வெடிமருந்து என்றுதான் அர்த்தம்.

"ஏலே, மருந்துலே! தண்ணிய ஊத்துங்கலே!"

"ஐயா, வெறுங்குழாய்ங்க. நான் உருட்டினது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்தப் பெண் ஒரு குழாயை உருவி, பிரித்தே காட்டினாள். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ சும்மா கெட ஆத்தா. அகதிப் பிள்ள செஞ்சது. உள்ள என்னத்த வச்சிருக்கோ, யாரு கண்டா?"

குடம் குடமாய் ஊற்றினார்கள். காகிதம் ஊறி, முகம் சரிந்து, களிமண் வாசலெல்லாம் ஓடியது. வெடிக்க அதில் என்ன இருந்தது?

"சேப்டிக்குத்தான்" என்று வேட்டியை உதறிக்கொண்டார். தப்பாகிவிட்டது என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெண் அழவில்லை. சலங்கையை மட்டும் பொறுக்கித் துப்பட்டாவில் துடைத்தாள். அதைப் பார்த்ததும் நான் மேனேஜர் முன்னால் போய் நின்றேன்.

"எங்க தெருவுல கம்பெனிக்காரக அடுப்புக்குப் பக்கத்துல வச்சு மருந்து அடைக்கச் சொல்லுதாக. மருந்து பத்திக்கிட்டு பிள்ளைக வெந்து கெடந்துச்சுக. அங்கன ஒருநாளாச்சும் ஒரு குடம் தண்ணியோட வந்திருக்கீகளாய்யா?"

கத்தியது நான்தான். கூட்டமே திரும்பிப் பார்த்தது. அவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்போதும் உருட்டிய குழாயைக் காயவைக்கும்போது காற்று புகுந்து ஊங்கென்றால் என் கை நின்றுவிடுகிறது.