மகாபே கூடத்திலிருந்து யாரும் வரவில்லை

உள்ளறையில் யாரோ குமட்டும் சத்தம் கேட்டது. அடுத்த கணமே குழாய் திறந்துகொண்டது. தண்ணீர் இரைச்சலில் அந்தச் சத்தம் அமுங்கிப்போனது. இகராஷிக் கிழவரின் கணுக்காலில் கட்டுத்துணி சுற்றிக்கொண்டிருந்த ஹிசாயேவின் கை பாதியில் நின்றது.

“பொண்ணுக்கு வயித்துல ஏதாச்சுமா?” என்றார் கிழவர். ஓய்வு பெற்ற தபால்காரர். பனியில் வழுக்கி விழுவதற்கென்றே குளிர்காலத்தில் வெளியே வருகிறார் என்று ஊரில் அவரைக் கேலி செய்வார்கள்.

“கணவா மீன் சேரலையாம். நேத்தும் இப்படித்தான் வாந்தி எடுத்தா.”

“நேத்தும் கணவாயா?”

ஹிசாயேவுக்குச் சுருக்கென்றது. நேற்று சமைத்தது அவித்த முள்ளங்கி.

பதினெட்டு வருஷமாக அந்தச் சின்ன ஊரில் எலும்பு கட்டுகிறவள் அவள். சிறு வயதில் ஜூடோ ஆடியவள். கணவன் செத்த பிறகு இந்தக் கைத்தொழில்தான் அவளையும் மகள் சிஹோவையும் காப்பாற்றியது. பிள்ளையை எந்த ஜூடோ வாத்தியாரிடம் சேர்க்கலாம் என்று ஊர்த் தாய்மார்கள் அவளிடம்தான் கேட்பார்கள். காயத்தைப் பார்த்தே வாத்தியாரைச் சொல்லிவிடுவாள். ஆற்றோரப் பயிற்சிக் கூடத்துப் பிள்ளைக்குக் காறை எலும்பு முறிந்திருந்தால், விழக் கற்றுக்கொடுக்கும் முன்பே அங்கே தூக்கிப்போடக் கற்றுக்கொடுக்கிறார்கள். மில் கூடத்துப் பிள்ளைக்குக் கால் சுண்டுவிரல் பிசகியிருந்தால், அங்கே பாய்களை இடைவெளி விடாமல் சேர்த்துப் போட ஆளில்லை. மகாபே மாஸ்டரின் கூடத்திலிருந்து மட்டும் ஆறு வருஷத்தில் ஒரு பிள்ளைகூட அவள் கட்டிலில் வந்து படுத்ததில்லை.

“எல்லா வாத்தியாரும் மகாபே மாதிரி இருந்தா, நீ கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்” என்று கிழவர்கூடச் சீண்டுவார். அவளும் பெருமையாகச் சிரிப்பாள். அந்த நம்பிக்கையில்தான் தன் ஒரே உயிரான சிஹோவை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். சிஹோ சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். பதினாலு வயது முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

“லைட்டை அணைம்மா. கண்ணு கூசுது.”

ஹிசாயே டார்ச்சை எடுத்து அவள் கண்ணில் அடித்தாள். ஒரு கண்பாவை சட்டென்று சுருங்கியது. மற்றது தயங்கித் தயங்கிச் சுருங்கியது. தலையில் பலமாக அடிபட்டவர்களிடம்தான் ஹிசாயே அதைப் பார்த்திருக்கிறாள்.

“எங்கடி விழுந்தே?”

“எங்கயும் விழலை.”

“சிஹோ.”

பெண் அழத் தொடங்கினாள். “செவ்வாய்க்கிழமை. பின்மண்டை. கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியலை. மாஸ்டர் தண்ணி தெளிச்சாரு. அப்புறம் மறுபடி ஆடச் சொன்னாரு.”

“ரெண்டு நாளா என்கிட்ட ஏன் மறைச்சே?”

“உன்கிட்ட வர்றவங்களை டீம்லருந்து எடுத்துருவாரும்மா. என்கூட ஆடுற யூக்காவுக்குத் தோள் எறங்கினப்போ ரெண்டு ஸ்டேஷன் தள்ளிப் போய்த்தான் கட்டிக்கிட்டா. எல்லாரும் அப்படித்தான். உனக்குத் தெரியாதா?”

அவளுக்குத் தெரியாது. காயமே இல்லாத கூடம் என்று ஊரெல்லாம் சொன்னவள் அவள்தான். வராத காயங்களை அல்லவா அவள் நற்சான்றாக நினைத்திருந்தாள்.

கிழவர் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார். “நீ போன் பண்ணு. நான் தூங்கவிடாம பேசிட்டிருக்கேன்.” சிஹோவின் பக்கத்தில் சிரமப்பட்டு உட்கார்ந்தார். “அம்மாடி, நான் தபால் போட்ட வீடெல்லாம் மறந்துபோச்சு. கோயில் தெருவுல மொத வீடு யாரோடது?”

ஹிசாயே முன்னறைக்கு வந்து போனைக் கையில் எடுத்தபோது வாசல் கதவு நகர்ந்தது. மகாபே மாஸ்டர் கொண்டுவந்த பேரிக்காய்ப் பெட்டியை வாசற்படியில் வைத்துவிட்டு நின்றார்.

“சனிக்கிழமை போட்டிக்குக் காலைல ஆறு மணிக்கு வேன், வைத்தியரம்மா. சிஹோ தயாரா இருக்கணும்னு சொல்லிட்டுப் போக வந்தேன்.”

“செவ்வாய்க்கிழமை அவ எப்படி விழுந்தா மாஸ்டர்?”

“லேசான அடி. உடனே எழுந்துட்டாளே.”

“யாரு தூக்கிப்போட்டது?”

அவர் யோசித்தார். “கவனிக்கலை. பன்னெண்டு பேர் ஒரே நேரத்துல ஆடுறாங்க.”

“அப்புறம் எத்தனை தடவை விழுந்தா?”

“அதையெல்லாம் எண்ணிக்கிட்டா இருப்பாங்க? விழுந்த பயம் போகணும்னா மறுபடி விழணும். நீங்களும் ஆடினவங்கதானே.”

அவர் குரலில் கோபமில்லை, பதற்றமில்லை. அந்த நிதானம்தான் அவளைப் பயமுறுத்தியது. ஒரே ஒரு மாலை அந்தக் கூடத்து வாசலில் நின்று, விழுந்த பிள்ளையிடம் இந்த மனிதர் குனிகிறாரா என்று பார்த்திருந்தால் போதுமே. பார்க்கவில்லையே.

அவள் ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினாள்.

“ஆம்புலன்ஸ் எதுக்கு? தெருவே வேடிக்கை பாக்கும்” என்று அவர் ஒரு அடி முன்னால் வந்தார். “என் கார்லயே கூட்டிட்டுப் போறேன். தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. போன வருஷமும் ஒரு பையனை அவர்கிட்டதான் காட்டினேன். வெளிய தெரியாம சரியாயிடுச்சு.”

கார் வாசலிலேயே நின்றது. ஆம்புலன்ஸ் மலையடிவாரத்திலிருந்து பனியில் வரவேண்டும். நேற்றைய ஹிசாயேவாக இருந்தால் கைகூப்பி அந்தக் காரில் ஏற்றியிருப்பாள். போனில் ஒரு குரல் என்னவென்று கேட்டது.

“பதினாலு வயசுப் பொண்ணு. ரெண்டு நாளைக்கு முன்னால பின்மண்டைல அடி. நினைவு தப்பியிருக்கு. வாந்தி. ஒரு கண்ணு சரியில்லை.” விலாசத்தைச் சொன்னாள். எங்கே அடிபட்டது என்று குரல் கேட்டது. ஹிசாயே அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “மகாபே மாஸ்டரோட ஜூடோக் கூடத்துல. பேரை எழுதிக்குங்க.”

“உங்க வாயாலதானே இத்தனை பிள்ளைங்க என்கிட்ட வந்தாங்க” என்றார் அவர் மெல்ல.

“ஆமா. அதே வாயால இன்னிக்கே ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லுவேன்.”

உள்ளே கிழவர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டார். ஹிசாயே போனைக் காதில் வைத்தபடியே உள்ளறைப் பக்கம் திரும்பினாள். பிறகு, எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல், “ஓனோ வீடு” என்று குழறியது மகளின் குரல்.

மாஸ்டர் பேரிக்காய்ப் பெட்டியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். எப்போதும்போல இடுப்புவரை வளைந்து வணங்கினார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், சத்தமே வராமல் கதவை இழுத்துச் சாத்தினார்.